இணையத்தில் பார்த்த ஃபிட்டிங்கை அப்படியே வாங்கலாமா? ஈவ் ஆன்லைன் விண்கப்பல் விளையாட்டு: கப்பல், கருவி, திறன்

ஜனவரி 6, வாசகர் கேள்வி

"ஈவ் ஆன்லைனில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆசைப்பட்டு கேரக்கல் என்ற குரூசர் கப்பலை வாங்கினேன். இணையத்தில் எல்லோரும் பாராட்டிய ஒரு ஃபிட்டிங்கை (கப்பலில் பொருத்தும் கருவிகளின் பட்டியலை)ப் பார்த்து, அதில் உள்ள கருவிகளை எல்லாம் ஜிட்டா சந்தையில் வாங்கி வந்தேன். பாதியைக்கூட இயக்க முடியவில்லை. சிபியு (கப்பலின் கணினி வலு) போதாது என்கிறது, பவர்கிரிட்டும் (மின்வலு) தாண்டிவிட்டது. ஃபிட்டிங்கில் பிழையா? அல்லது டிரேக் போன்ற பெரிய கப்பலாக வாங்கிவிட்டால் இடம் தாராளமாகிவிடுமா?"

ஜனவரி 6, இரவு

ஃபிட்டிங்கில் பிழை இருக்காது. அது உங்களுக்காகப் போட்டதில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட பட்டியல்களில் பெரும்பாலானவை பைஃபா என்ற மென்பொருளில் தயாராகின்றன. அதைத் திறந்தவுடன் தானாக அமர்ந்திருக்கும் விமானி, எல்லாத் திறன்களையும் உச்சமான ஐந்தாம் நிலை வரை படித்து முடித்தவர். நியூ ஈடன் என்ற இந்த விளையாட்டுலகில் அப்படி ஒருவரைப் பார்ப்பதே அபூர்வம். அந்த ஆளுக்குப் பொருந்தும் பட்டியலை நீங்கள் வாங்கியது, அடுத்தவருடைய மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டதற்குச் சமம்.

பைஃபாவில் உங்கள் சொந்தக் கதாபாத்திரத்தின் திறன்களை இறக்கிவிட்டு அதே பட்டியலைத் திறந்து பாருங்கள். அது தொல்லை என்றால், விளையாட்டுக்குள்ளேயே ஃபிட்டிங் சாளரத்தில் ஒத்திகை வசதி இருக்கிறது. ஒரு காசு செலவில்லாமல் கப்பலையும் கருவியையும் போட்டுப் பார்க்கலாம். உங்கள் திறனை வைத்தே கணக்குக் காட்டும். ஜிட்டாவுக்குப் பறக்கும் முன் செய்ய வேண்டிய வேலை இது.

டிரேக் பற்றி நாளை எழுதுகிறேன். அதுவரை வாங்காதீர்கள்.

ஜனவரி 6, நள்ளிரவுக்குச் சற்று முன்

தூக்கம் வரவில்லை, கணக்கையே போட்டுவிடுகிறேன். சிபியு மேனேஜ்மென்ட் திறன் ஒவ்வொரு நிலைக்கும் கப்பலின் சிபியுவை 5 சதவீதம் கூட்டுகிறது. வெப்பன் அப்கிரேட்ஸ் திறன் ஒவ்வொரு நிலைக்கும் ஆயுதங்கள் கேட்கும் சிபியுவை 5 சதவீதம் குறைக்கிறது. ஒன்று வருமானம், மற்றொன்று செலவு.

எளிதாக இருக்கட்டும் என்று முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன். கப்பலின் அடிப்படை சிபியு 400. ஏவுகணை லாஞ்சர்கள் ஐந்து, ஒவ்வொன்றும் 50 கேட்கிறது. இரண்டு திறனும் பூஜ்யம் என்றால் 400இல் 250 போய், மற்ற எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து 150 மிஞ்சும். இரண்டும் மூன்றாம் நிலையில் இருந்தால் மிச்சம் 247.5. நான்காம் நிலையில் 280. ஐந்தாம் நிலையில் 312.5.

முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் ஒப்பிடுங்கள். அதே கப்பல், அதே லாஞ்சர், மிச்சம் மட்டும் இரண்டு மடங்குக்கு மேல். உங்களுக்குச் சிவப்பாகத் தெரிந்தது இந்த வித்தியாசம்தான்.

இன்னொன்றையும் பாருங்கள்: நான்காம் நிலைக்கும் ஐந்தாம் நிலைக்கும் இடையே 32.5தான் வித்தியாசம். அதற்கு ஆகும் காலமோ வேறு. சிபியு மேனேஜ்மென்ட் போன்ற எளிய திறனில் நான்காம் நிலை வரை மொத்தம் 45,255 பயிற்சிப் புள்ளிகள். ஐந்தாம் நிலைக்கு மொத்தம் 2,56,000. காசு கட்டும் கணக்கில், படிப்பை வேகப்படுத்தும் இம்பிளான்ட் எதுவும் இல்லாமல், நிமிடத்துக்கு 30 புள்ளி என்று வைத்தால் நான்காம் நிலை வரை ஏறக்குறைய ஒரு நாள். அங்கிருந்து ஐந்துக்குப் போக இன்னும் ஐந்து நாள்.

ஆகவே முதல் சுற்றில் எல்லாவற்றையும் நான்கோடு நிறுத்துங்கள். கப்பல் எதுவானாலும் பயன்படும் அடிப்படைத் திறன்கள் பதினான்கை ஆட்டக்காரர்கள் 'மேஜிக் 14' என்று சொல்வார்கள். சிபியு, பவர்கிரிட், கப்பாசிட்டர் (மின்சேமிப்பு), ஷீல்டு, கவசம், வேகம், இலக்குப் பூட்டும் தூரம் எல்லாம் அதில் அடக்கம். வெப்பன் அப்கிரேட்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் கப்பலுக்கு அதையும் பதினைந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 7

டிரேக்.

பெரிய கப்பலில் பவர்கிரிட் அதிகம்தான். அதில் போடும் கருவிகளும் அதற்கேற்ப அதிகம் கேட்கும். பற்றாக்குறை உங்களைவிட்டுப் போகாது, விலை மட்டும் ஏறும். கூடவே, கப்பலின் சிறப்புச் சலுகைகள் அந்த வகைக் கப்பல் திறனின் நிலையைப் பொறுத்தே கிடைக்கின்றன. கேரக்கலில் கால்டாரி (விளையாட்டில் ஒரு நாடு) குரூசர் திறனின் ஒவ்வொரு நிலைக்கும் லாஞ்சர் சுடும் வேகம் 5 சதவீதமும், ஏவுகணையின் வேகம் 10 சதவீதமும் கூடுகின்றன. டிரேக்குக்கு மாறினால் இந்த உழைப்பு அங்கே செல்லாது. டிரேக் சேர்ந்த பேட்டில்குரூசர் வகையின் திறனை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். ஒன்றாம் நிலையில் டிரேக்கில் அமர்ந்திருப்பவர், அந்தக் கப்பலின் பெயரை மட்டும்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: அரைகுறையாகப் பொருத்திய பெரிய கப்பலைவிட, முழுதாகப் பொருத்திய சின்னக் கப்பல் மேல். கேரக்கலே உங்களுக்குச் சற்றுப் பெரிது என்பது என் எண்ணம். கெஸ்ட்ரல் என்ற சின்னக் கப்பலில் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்.

ஜனவரி 7, மாலை

கெஸ்ட்ரல் என்றதும் நினைவுக்கு வந்தது. கேள்வி கேட்டவர் எந்த லாஞ்சர் வாங்கினார் என்றே சொல்லவில்லை. ஹெவி மிஸ்ஸைல் லாஞ்சராக இருந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு ரேபிட் லைட் லாஞ்சரைப் போடுங்கள். காரணம் இது: கெஸ்ட்ரலில் நீங்கள் படித்த லைட் மிஸ்ஸைல் திறன் அப்படியே இங்கே பயன்படும். ஹெவி மிஸ்ஸைல் தனித்திறன். அதைப் படிக்க லைட் மிஸ்ஸைலைவிட ஒன்றரை மடங்கு காலம் ஆகும். கேரக்கலின் சலுகையோ இரண்டு வகைக்கும் உண்டு.

ரேபிட் லைட் லாஞ்சரில் ஒரு குறை: குண்டுகள் தீர்ந்தால் மறுபடி நிரப்ப 35 விநாடி. அந்த 35 விநாடி நீளமானது. எதிரி உங்களைச் சுட்டுக்கொண்டிருக்கும்போது இன்னும் நீளம்.

ஜனவரி 8

ஒரு வாசகர் சண்டைக்கு வந்திருக்கிறார்: "திறன் குறைவான புதியவருக்கு டிரேக்தான் சிறந்தது. நான் தொடங்கியதே அதில்தான். ஷீல்டு தானாக வளரும், நான் பாட்டுக்குச் சுட்டுக்கொண்டிருப்பேன். கேரக்கலில் அந்த நிம்மதி உண்டா?"

நிம்மதி என்ற சொல் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது. அவர் சொல்வதில் பொருள் இருக்கிறது, ஏனென்றால் அது திறனைப் பற்றியதுதான்.

ஷீல்டைக் காப்பாற்ற இரண்டு வழி. ஷீல்டு பூஸ்டர் போட்டால் அது கப்பாசிட்டரை உறிஞ்சும்; கப்பாசிட்டர் திறன்கள் இல்லாத புதியவருக்குச் சண்டையின் நடுவே மின்சாரம் தீர்ந்துவிடும். எக்ஸ்டெண்டர்களைப் போட்டு ஷீல்டின் அளவைப் பெருக்குவது இரண்டாவது வழி. ஷீல்டு முழுதாக நிரம்ப ஆகும் காலம் அளவைப் பொறுத்து மாறுவதில்லை. ஆகவே ஷீல்டு பெரிதானால் ஒவ்வொரு விநாடியும் வளரும் அளவும் பெரிதாகிறது. அந்த வளர்ச்சி உச்சத்தில் இருப்பது ஷீல்டு கால் பங்காக இறங்கியிருக்கும்போது. புதியவர்கள் பயந்து ஓடுவதும் அதே நேரத்தில்தான்! டிரேக் இந்த வித்தைக்குப் பேர்போனது. ஒவ்வொரு நிலைக்கும் ஷீல்டின் தாங்குசக்தி 4 சதவீதம் கூடும் சலுகையும் அதற்கு இருக்கிறது.

மேலும் மிஸ்ஸைல் லாஞ்சருக்குக் கப்பாசிட்டரே தேவையில்லை. லேசரும் ஹைப்ரிட் துப்பாக்கியும் கேட்கும். மிஸ்ஸைலும் புரொஜெக்டைலும் கேட்காது. ஆக, கப்பாசிட்டர் திறன் இல்லாதவர் கப்பாசிட்டர் கேட்காத ஆயுதத்தையும் கப்பாசிட்டர் கேட்காத பாதுகாப்பையும் சேர்த்தால், இல்லாத திறனின் குறை தெரியவே தெரியாது. திறனுக்கேற்ற கருவி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

எனவே நேற்று எழுதியதை இப்படித் திருத்திப் படியுங்கள்: டிரேக் வேண்டாம் என்பது "இடம் தாராளமாகும்" என்ற காரணத்துக்காக வாங்குபவருக்கு. பேட்டில்குரூசர் திறனை மூன்று வரையாவது கொண்டுபோய், இந்த முறையில் பொருத்த முடிந்தவர் தாராளமாக வாங்கட்டும். நான் கேரக்கல் கட்சியிலேயே இருக்கிறேன்.

ஜனவரி 8, பின்குறிப்பு

ரிக் என்ற நிரந்தர மேம்பாட்டைப் பொருத்தும் முன் இரண்டு முறை யோசியுங்கள். மற்றக் கருவிகளைக் கழற்றிப் பெட்டியில் வைக்கலாம். ரிக்கைக் கழற்றினால் அது அழிந்துவிடும். ஒரு வாரத்தில் வந்துவிடும் திறனுக்காகப் பவர்கிரிட் கூட்டும் ரிக்கைப் போட்டு நிரந்தரமாக ஒரு இடத்தை அடைக்காதீர்கள். அவசரமென்றால் கீழ் ஸ்லாட்டில் (கருவி மாட்டும் கீழ்வரிசை இடத்தில்) சிபியு கூட்டும் கோ-புராசசரோ பவர்கிரிட் கூட்டும் ரியாக்டர் கண்ட்ரோல் யூனிட்டோ போடுங்கள். திறன் வந்ததும் கழற்றிவிடலாம்.

ஜனவரி 10

"திறனுக்குப் பதில் காசைக் கொட்டினால் ஆகாதா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர். ஒரு பகுதி ஆகும்.

அடிப்படையான டெக் 1க்கு அடுத்த தரமான டெக் 2 கருவிகள் கூடுதல் திறனைக் கேட்கும், பெரும்பாலும் சிபியுவையும் கூடுதலாகக் கேட்கும். கால்டாரி நேவி போன்ற படைகளின் பெயர் தாங்கிய கருவிகள் டெக் 2க்கு இணையாகவோ மேலாகவோ வேலை செய்யும், ஆனால் டெக் 1க்கு வேண்டிய திறனே போதும். விலை மட்டும் கண்ணைக் கட்டும். இவற்றுக்கு நடுவே 'காம்பாக்ட்' என்ற அடைமொழியோடு வரும் கருவிகள் இருக்கின்றன. விலை மலிவு, கேட்கும் சிபியுவோ பவர்கிரிட்டோ குறைவு. புதியவர்கள் கடையில் இவற்றைக் கடந்துபோய் டெக் 2 வரிசையில் நிற்பது எனக்குப் புரிந்ததே இல்லை. உங்கள் கேரக்கலில் சிவப்பாகக் கிடக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் முதலில் காம்பாக்ட் வகை இருக்கிறதா என்று பாருங்கள்.

நேவி கருவி பற்றி ஓர் எச்சரிக்கை: கப்பல் வெடித்தால் காப்பீடு கப்பலின் உடலுக்குத்தான், உள்ளே இருந்த கருவிகளுக்கு இல்லை. வெடித்த கப்பலில் இருந்த கருவிகளின் பட்டியல் பொதுவெளியில் தொங்கும். மலிவான கேரக்கலில் தங்கத்தில் செய்தது போன்ற லாஞ்சர்கள் இருந்தால், ஊரே கூடி நின்று பார்க்கும்.

ஜனவரி 11

விஷயத்திலிருந்து விலகுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நிலைக்கு ஐந்து நாளா என்று ஒருவர் அலுத்துக்கொண்டதைப் படித்தேன். 2009க்கு முன்னால் திறன்களை வரிசையில் வைக்கவே முடியாது. ஒன்று முடிந்ததும் நாமே உள்ளே போய் அடுத்ததைத் தொடங்க வேண்டும். அலாரம் வைத்து விடியற்காலையில் எழுந்து, ஒரு பொத்தானை அழுத்திவிட்டு மறுபடி படுத்த கூட்டம் நாங்கள். அதற்கும் மேல், வேகமாகப் படிப்பதற்கென்றே தனியாகப் படிக்க வேண்டிய திறன்கள் வேறு இருந்தன. கப்பலைத் தொடாமல் அவற்றையே படித்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. 2010 டிசம்பரில் அவற்றை ஒழித்தார்கள். விளையாட்டை உருவாக்கிய ஐஸ்லாந்துக்காரர்கள் செய்த புண்ணியங்களில் அது ஒன்று.

இன்னொரு புண்ணியம் நம்மைப் போன்ற தூரத்து ஆட்களுக்கு. சேவையகம் லண்டனில் இருக்கிறது. ஆனால் விளையாட்டு விநாடிக்கு ஒரு முறைதான் கணக்கைப் புதுப்பிக்கிறது. இணைப்பு சற்று மந்தமாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். தினமும் நம் நேரப்படி மாலை நாலரைக்கு மூடித் திறப்பார்கள். அந்த இடைவெளியில் காபி.

ஜனவரி 14

கேள்வி கேட்டவர் புதிய பட்டியலோடு வந்திருக்கிறார். ரேபிட் லைட் லாஞ்சர் ஐந்து, நன்று. நடு ஸ்லாட்டில் எக்ஸ்டெண்டர்கள், நன்று. கீழ் ஸ்லாட்டில் ஒரு கவசத் தகடு, ஒரு கவசப் பழுதுபார்ப்பி.

ஐயா, ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்டெண்டர் கப்பலின் சிக்னேச்சரை (எதிரியின் கருவிக்குத் தெரியும் அளவை)ப் பெருக்கி எதிரியின் குண்டு நன்றாகப் படும்படி செய்கிறது. தகடு கப்பலைக் கனமாக்கி மெதுவாக்குகிறது. இரண்டையும் போட்டால் பெரிய, மெதுவான இலக்கு ஒன்று தயார். இரண்டு பாதுகாப்புக்கும் திறன்கள் வேறு வேறு; இரண்டையும் படிக்க நேரமும் இரண்டு பங்கு. கேரக்கல் ஷீல்டுக் கப்பல். கவசத் திறன்களை மறந்துவிடுங்கள்.

கீழ் ஸ்லாட் நான்கு இருக்கின்றன. ஏவுகணையின் அடியைக் கூட்டும் பாலிஸ்டிக் கண்ட்ரோல் சிஸ்டம் போடலாம், நான்கையும் அதற்கே கொடுக்க வேண்டாம். ஒரே வகைப் பலனைத் திரும்பத் திரும்ப அடுக்கினால் இரண்டாவது 87 சதவீதம்தான் வேலை செய்யும், மூன்றாவது 57, நான்காவது 28. சிபியு தட்டுப்பாட்டில் இருப்பவர் இரண்டோடு நிறுத்தலாம். மூன்றாமிடத்தில் தாங்குசக்தியைக் கூட்டும் டேமேஜ் கண்ட்ரோல். நான்காவதில் வேண்டுமானால் கோ-புராசசர். பாலிஸ்டிக் கண்ட்ரோலின் டெக் 2 வகைக்கு வெப்பன் அப்கிரேட்ஸ் நான்காம் நிலை தேவை. அதை எப்படியும் சிபியுவுக்காகப் படிக்கிறீர்கள், ஆகவே இது இலவசமாக வந்தது போல.

ஜனவரி 14, இரவு

ஷீல்டின் தாங்குசக்தியைக் கூட்டும் ஹார்டனர் பற்றி எழுத விட்டுப்போயிற்று. ஷீல்டின் இயல்பான தாங்குசக்தி மின்காந்தத் தாக்குதலுக்குப் பூஜ்யம், வெப்பத்துக்கு 20, கைனடிக்குக்கு 40, வெடிப்புக்கு 50 சதவீதம். பூஜ்யத்தைப் பார்த்ததும் அங்கே ஹார்டனர் போடத் தோன்றும். யாரோடு சண்டை என்று முதலில் பாருங்கள். நீங்கள் கால்டாரி பக்கம் மிஷன் ஓட்டினால் அடிக்கடி எதிர்ப்படுவது குரிஸ்டாஸ் கொள்ளையர். அவர்கள் அடிப்பது கைனடிக், வெப்பம். மின்காந்த ஓட்டையைத் திறந்தே விட்டாலும் அவர்களால் அதில் நுழைய முடியாது. சன்ஷாவோ பிளட் ரெய்டர்களோ வந்தால் கதை வேறு; அவர்கள் மின்காந்தமும் வெப்பமும்.

ஜனவரி 17

"தூரத்தில் நின்று அடிக்க நினைத்தால் மிஸ்ஸைல் போகும் தூரத்துக்கு என்னால் இலக்கைப் பூட்டவே முடியவில்லை."

இது நல்ல சிக்கல். மிஸ்ஸைலின் தூரம் என்பது வேகமும் பறக்கும் நேரமும் பெருக்கியது. இரண்டுக்கும் தனித்தனித் திறன், ஒவ்வொரு நிலைக்கும் 10 சதவீதம். பெருக்கல் என்பதால் மளமளவென்று வளரும். பூட்டும் தூரமோ லாங் ரேஞ்ச் டார்கெட்டிங் திறனால் நிலைக்கு 5 சதவீதமே வளரும். ஆகவே ஆயுதத் திறனை மட்டும் ஏற்றினால் இந்த இடைவெளி வருவது இயல்பு. அடைக்க ஒரு நடு ஸ்லாட்டை சென்சார் பூஸ்டருக்குக் கொடுக்கலாம். நான் கொடுக்க மாட்டேன். அந்த இடத்தில் ஒரு எக்ஸ்டெண்டர் இருந்தால் கொஞ்சம் கிட்டே போய்ச் சண்டை போடலாம்.

ஜனவரி 20

ஸ்கில் இன்ஜெக்டர் வாங்கலாமா என்று மூவர் கேட்டுவிட்டார்கள். மொத்தப் புள்ளிகள் 50 லட்சத்துக்குக் கீழே இருப்பவருக்கு ஒரு இன்ஜெக்டர் 5 லட்சம் புள்ளி தரும். அனுபவம் கூடக் கூட அதே இன்ஜெக்டர் தரும் புள்ளி குறையும். வாங்குவதானால் ஆரம்பத்திலேயே வாங்குவது லாபம்.

பெரும்பாலோர் அதை வைத்து அடுத்த கப்பலைத் திறக்கிறார்கள். அந்த 5 லட்சத்தைக் கொண்டு எளிய திறன்கள் பத்தை நான்காம் நிலைக்கு ஏற்றிவிட்டு மீதியும் வைத்துக்கொள்ளலாம். இன்று ஓட்டும் கப்பலும், நாளை ஓட்டப்போகும் கப்பலும் ஒரே நேரத்தில் வலுப்பெறும். ஒரு புதுக் கப்பலின் பெயர் பட்டியலில் ஒளிரும் கிளுகிளுப்பு மட்டும் இருக்காது.

இலவசக் கணக்கில் இருப்பவர்களுக்கு: உங்கள் படிப்பு வேகம் பாதி. 50 லட்சத்தில் தானாகப் படிப்பது நின்றுவிடும். சிதறிப் படிக்க உங்களுக்கு இடமில்லை. ஒரே ஆயுத வகை, ஒரே பாதுகாப்பு வகை.

ஜனவரி 22

டிரோன்களால் அடிக்கும் வெக்சர் கப்பலை ஓட்டும் ஒருவர் நல்ல கொக்கி போட்டிருக்கிறார்: "எல்லாவற்றையும் நான்கோடு நிறுத்தச் சொன்னீர்கள். டிரோன்ஸ் திறனையும் நான்கோடு நிறுத்தினேன். என்னோடு பறப்பவரைவிட அடி குறைவாக இருக்கிறதே?"

இருக்கத்தான் செய்யும். டிரோன்ஸ் திறன் சதவீதம் தருவதில்லை. ஒவ்வொரு நிலைக்கும் ஒரு டிரோனைத் தருகிறது. நான்கில் நின்றால் நான்கு டிரோன், அவர் கையில் ஐந்து. இது எளிய திறன், ஐந்து நாள் வேலைதான். அதை உடனே முடியுங்கள். என் நான்காம் நிலை விதி சதவீதமாகக் கூட்டும் திறன்களுக்கு. எண்ணிக்கையைக் கூட்டும் திறனுக்கும், டெக் 2 ஆயுதத்தின் பூட்டைத் திறக்கும் திறனுக்கும் அது பொருந்தாது.

அதன்பின் டிரோன் இன்டர்ஃபேசிங். நிலைக்கு 10 சதவீத அடி. படிக்க நீண்ட காலம் பிடிக்கும் திறன், ஆனாலும் டிரோன் கப்பலுக்கு இதைவிடப் பலன் தருவது இல்லை.

ஐந்து டிரோன் வந்ததும் எல்லாவற்றையும் கனரக டிரோனாக வாங்கிவிடாதீர்கள். டிரோன்களை இயக்க வெக்சருக்கு உள்ள அலைவரிசை (பேண்ட்விட்த்) 75. கனரகம் ஒன்றுக்கு 25, நடுத்தரத்துக்கு 10, சிறியதுக்கு 5. கனரகம் மட்டும் என்றால் மூன்றோடு தீர்ந்துவிடும், ஐந்தாம் நிலை படித்தது வீண். இரண்டு கனரகம், இரண்டு நடுத்தரம், ஒரு சிறியது என்றால் 50, 20, 5, சரியாக 75. கலவையாகப் பறந்தால் சின்னது முன்னே ஓடும், பெரியது பின்னே தத்தித் தத்தி வரும், பார்க்கச் சிரிப்பாக இருக்கும். கூடவே நடுத்தரம் மூன்றும் சிறியவை நான்கும் எடுத்துச் செல்லுங்கள்; கலவையில் உள்ளவற்றோடு சேர்ந்து இரண்டு வகையிலும் ஐந்தைந்து ஆகிவிடும். வேகமாகச் சுற்றும் சின்ன ஃபிரிகேட் கப்பலைக் கனரக டிரோன் பிடிக்காது.

ஜனவரி 22, இரவு

டிரோன்கள் போகும் தூரம் பற்றிக் கேட்டவருக்கு: அடிப்படை 20 கிலோமீட்டர், டிரோன் ஏவியானிக்ஸ் திறனில் நிலைக்கு 5 கிலோமீட்டர் கூடும். நான்காம் நிலையில் 40. வெக்சருக்கு அது போதும். துப்பாக்கிகளை இப்போதைக்கு டெக் 1 காம்பாக்டில் விட்டுவிட்டு, மிஞ்சும் பவர்கிரிட்டைக் கவசத்துக்குக் கொடுங்கள். வெக்சர் கவசக் கப்பல். மேலே கேரக்கலுக்கு எழுதிய எக்ஸ்டெண்டர் பாட்டை இங்கே கொண்டுவராதீர்கள்.